மெக்சிக்கோ அண்ணை என்று நான் பெயர் வைத்தவர்

குலசிங்கம் அண்ணை காலமான செய்தி வந்தபோது, பாரிசின் லா சப்பலில் ஒரு மரக்கறிக் கடையில் முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டு நின்றேன். கடைக்காரர் தொலைபேசியைக் காதிலிருந்து எடுத்தார். "உங்கடை மெக்சிக்கோ அண்ணை மோசம் போயிட்டாராம். காலமை, ஆஸ்பத்திரியிலை." காய்களை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வெளியே வந்தேன். வாரம் தவறாமல் அவருக்குச் சாமான் நிறுத்துக் கொடுத்த அந்தக் கடைக்காரருக்கு அவருடைய சொந்தப் பெயர் தெரியாது. பட்டப்பெயரை வைத்தவன் நான்.

இங்கே ஒருவர் இறந்தால் மாலைக்குள் கடைக் கண்ணாடிகளில் கண்ணீர் அஞ்சலித் தாள் ஒட்டப்பட்டுவிடும். எங்கள் ஊர் விளையாட்டுக் கழகத்தின் சார்பில் அதற்கு வாசகம் எழுத வேண்டியவன், தலைவர் என்ற முறையில், நானே. "எமது கழகத்தின் ஸ்தாபகரும் நீங்காத வழிகாட்டியுமான அமரர்" என்று கைப்பழக்கத்தில் எழுதிக் கொடுத்துவிட்டேன். மறுநாள் காலை அதைக் கண்ணாடியில் பார்த்தபோது எனக்கு முகம் சுட்டது. பத்து ஆண்டுகளுக்கு முன் கழகத்தின் பதிவிலிருந்து அவருடைய பெயரை எடுத்தவனும் நானே. அந்தத் தாளில் எழுதாதவற்றை இங்கே எழுதுகிறேன். அவரை அறிந்தவர்கள் பிழை இருந்தால் திருத்துங்கள்.

அண்ணை இளவயதில் பாரிசுக்கு வந்தவர். ஒரு பிரெஞ்சு உணவகத்தில் சட்டி கழுவத் தொடங்கி, சமையற்காரராகி, அங்கேயே ஓய்வு பெற்றார். ஊரில் எங்கள் கழகத்துக்கு ஒரு தகரப் பெட்டி இருந்தது. கூட்டக் குறிப்புகள், ஆட்ட முடிவுகள், குழுப் படங்கள் எல்லாம் அதற்குள். இடம்பெயர்வில் பெட்டி போய்விட்டது. இங்கே ஊர்க்காரர் பதினொரு பேரைத் தேடிப் பிடித்து, அதே பெயரில் கழகத்தை மீண்டும் தொடங்கியவர் அண்ணை. கொடியைத் தைத்தவர் அவருடைய மனைவி மனோ அக்கா. எனக்குப் பிரெஞ்சு எழுத வரும் என்பதால் என்னைச் செயலாளராக்கினார்கள். "நீர் கடுதாசியைப் பாரும் தம்பி, நான் பந்தைப் பாக்கிறன்" என்றார் அண்ணை.

அந்த உணவகத்தில் அவரோடு சட்டி கழுவியவர் ராமிரோ என்ற மெக்சிக்கர். மெக்சிக்கோக் கரையோரத்தில் ஓர் உப்பள நகரம் அவருடைய ஊர். உப்பளத் தொழிலாளர் தொடங்கிய உதைபந்தாட்டக் கழகம் ஒன்று அந்த ஊரில் இருந்தது. பல காலமாக இரண்டாம் பிரிவில் ஆடிய தொழில்முறைக் கழகம். மதியச் சாப்பாடு முடிந்து இரவுச் சமையல் தொடங்கும்வரை இருவருக்கும் ஓய்வு. உணவகத்தின் பின்வாசலில் ராமிரோ உடைந்த பிரெஞ்சில் கழகத்தின் கதையைச் சொல்வார். அண்ணை அதைவிட உடைந்த பிரெஞ்சில் குறுக்குக் கேள்வி கேட்டு, தமிழில் எழுதிக்கொள்வார். ஊரிலிருந்து பழைய படங்களையும் செய்தித்தாள் துண்டுகளையும் ராமிரோவின் உறவினர் அனுப்பிக்கொண்டிருந்தார்கள். இப்படியே ஏழு கொப்பிகள் நிரம்பின.

உங்களுக்கு ஏன் இந்த வேலை என்று ஒருநாள் கேட்டேன். "எங்கடை பெட்டி போயிட்டுது. ஆற்றையோ ஒரு கழகத்தின்ரை கதையாவது முழுசா இருக்கட்டுமே" என்றார்.

கழகத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில், தேநீர் வேளையில், அவர் ஒரு பகுதியை எழுந்து நின்று வாசிப்பது வழக்கமாகிவிட்டது. அந்த மெக்சிக்கோக் கழகத்தின் திடல் உப்பளத்தை ஒட்டியது. காற்றில் உப்புத்தூள் வந்து புல்லைக் கருக்கும். விழுந்தெழும்பும் வெளியூர் ஆட்டக்காரர் முழங்கால் எரிந்து துள்ளுவார்களாம். உள்ளூர்க்காரர் விழவே மாட்டார்களாம். ஒருமுறை அவர்கள் இறுதியாட்டத்தில் வென்று முதற்பிரிவுக்கு ஏறத் தகுதி பெற்றார்கள். அரங்கில் இருக்கை போதாது என்று மேலிடம் ஏற்றவில்லை. ஊரார் வீட்டுக் கதிரைகளைத் தூக்கி வந்து திடலைச் சுற்றிப் போட்டு, "இப்போது எண்ணிப் பாருங்கள்" என்றார்களாம். அந்த இடம் வரும்போதெல்லாம் அண்ணைக்குச் சிரிப்பும் கண்ணீரும் சேர்ந்து வரும். நாங்கள் வடையைக் கடித்தபடி கேட்டிருப்போம்.

எங்களுக்குள் பிணக்கு கோடைக் கோப்பையால் வந்தது. பாரிசில் ஒவ்வொரு ஊர்க் கழகமும் கோடையில் மற்ற ஊர்க் கழகங்களோடு மோதும். நாங்கள் ஆண்டுதோறும் முதற்சுற்றோடு வீட்டுக்கு வருவோம். இங்கே பிறந்த எங்கள் பிள்ளைகளுக்குப் பந்தைவிடத் தொலைபேசியில் கவனம். வேறு கழகங்களின் நல்ல ஆட்டக்காரர் மூவரைக் கொண்டுவரலாம் என்றேன். "தோத்தாலும் எங்கடை பொடியள் தோக்கட்டும். கோப்பைக்கு ஆள் இரவல் வாங்கிறதோ?" என்று அண்ணை மறுத்தார். எனக்கோ மற்ற ஊர்க்காரரின் கேலி பொறுக்கவில்லை. கடுதாசி என் கையில் இருந்தது. நிர்வாகம் மாறியதாக ஒரு படிவத்தை நிரப்பி, அவருடைய பெயரை எடுத்துவிட்டு என் பெயரைத் தலைவராகப் போட்டு, சங்கங்களைப் பதியும் அரச அலுவலகமான பிறிபெக்தூருக்கு அனுப்பினேன். ஒருவரிடமும் சொல்லவில்லை.

அடுத்த வாரமே பொதுக்கூட்டம், ஒபர்வில்லியேயில் ஒரு மண்டபத்தில். அண்ணைக்கு ஒன்றும் தெரியாது. வழக்கம்போல ஏழாவது கொப்பியோடு எழுந்தார். அந்த முறை வாசித்தது, உப்பளக் கழகத்தின் உரிமத்தை முதலாளி தூரத்துப் பெருநகரம் ஒன்றுக்கு விற்ற கதை. அந்த நாட்டில் உரிமம் யாரிடம் போகிறதோ, இரண்டாம் பிரிவில் இருக்கும் இடமும் அவரோடு போய்விடும். "ஞாயிறு காலையில் ஊர் விழித்தது. கழகம் இல்லை. செயலாளர் ஒரு கடிதத்தில் கையெழுத்திட்டிருந்தார்" என்று வாசித்தார்.

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். என் நெஞ்சு துள்ளியே விட்டது. எல்லாம் தெரிந்துகொண்டுதான் குத்துகிறார் என்று நினைத்தேன். "மெக்சிக்கோ அண்ணை, கொப்பியை மூடுங்கோ, வடை ஆறுது!" என்று கத்தினேன். மண்டபம் முழுவதும் சிரித்தது. அவர் சுற்றிப் பார்த்தார், கடைசியாக என்னைப் பார்த்தார். "ஓம், வடை ஆறுது" என்று கொப்பியை மூடிக்கொண்டு உட்கார்ந்தார். அதன்பிறகு எந்தக் கூட்டத்திலும் அவர் வாசிக்கவில்லை.

மூன்று வாரம் கழித்து, நகரசபைக்கு அவர் திடல் கேட்டு எழுதிய கடிதம், இப்போது தலைவர் அவர் இல்லை என்ற குறிப்போடு திரும்பி வந்தபோது அவருக்கு விசயம் தெரிந்தது. தொலைபேசி எடுத்தார். "தம்பி, என்ரை பேர் போனாப் பரவாயில்லை. முகத்துக்கு நேரை சொல்லியிருக்கலாம்." மெட்ரோவுக்குள் நிற்கிறேன், ஒன்றும் கேட்கவில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன். வீட்டுக் கட்டிலில் இருந்துதான் சொன்னேன்.

இரவல் ஆட்டக்காரரோடு இரண்டு முறை கோப்பை வென்றோம். அவர்கள் இப்போது வேறு யாருக்கோ ஆடுகிறார்கள். அண்ணை செவ்ரான் என்ற புறநகரில், நாங்கள் வேண்டாம் என்ற பிள்ளைகளைக் கூட்டி ஓர் அணி தொடங்கினார். அதற்குப் பெயர் வைக்கவில்லை. பெயர் எங்களிடம் இருந்தது. ஒவ்வொரு கோடையிலும் எனக்குக் குறுஞ்செய்தி வரும்: "ஞாயிறு பத்து மணிக்கு ஆட்டம். வாரும்." ஒரேயொரு முறை போனேன். காரை விட்டு இறங்காமல் வேலிக்கு வெளியே நிறுத்திப் பார்த்தேன். அவர் திரும்பிக் கையை உயர்த்தினார். நான் காரை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

தகனத்துக்குப் போகும்போது கழகக் கொடியைக் காரின் பின்பெட்டியில் வைத்திருந்தேன். அதை எடுத்துக்கொண்டு உள்ளே போகத் துணிவு வரவில்லை. வெறுங்கையோடு போய்க் கடைசி வரிசையில் நின்றேன். நரைத்துப்போன ராமிரோ, தம் ஊர்க் கழகத்தின் வெள்ளைச் சால்வையைக் கழுத்தில் சுற்றி, சவப்பெட்டியின் அருகே இருந்தார். மனோ அக்கா நேரே என்னிடம் வந்தார். கையில் ஏழாவது கொப்பி.

"இவரின்ரை எழுத்து உங்களுக்குத்தானே விளங்கும். அண்டைக்கு அவர் நிப்பாட்டின இடத்திலையிருந்து வாசியுங்கோ."

மறுக்க முடியவில்லை. அன்று மண்டபத்தில் இருந்தவர்களில் பாதிப்பேர் அங்கே இருந்தார்கள். அவர்கள் முன்னால் வாசித்தேன்:

"ஊரார் கீழ்ப்பிரிவில் புதிதாக ஓர் அணியைத் தொடங்கினார்கள். கையெழுத்திட்ட செயலாளர் ஒவ்வொரு ஞாயிறும் வந்து, வேலிக்கு வெளியே நின்று பார்த்தார். ஒருவரும் அவரை உள்ளே கூப்பிடவில்லை. அவர் செய்தது பிழை. கூப்பிடாதது ஊரின் பிழை. வரலாறு என்றால் இரண்டையும் எழுத வேண்டும்."

பக்கத்தின் அடியில், வேறு மையில், பிறகு எழுதிய ஒரு வரி இருந்தது. அதை வாசிக்காமல் விட்டிருந்தால் யாருக்கும் தெரிந்திராது. ஒருமுறை அவருடைய வாசிப்பை நிறுத்தியவன் இரண்டாம் முறையும் நிறுத்தலாமா? வாசித்தேன்: "எங்கள் செயலாளரை நான் கூப்பிட்டேன். வரவில்லை. இன்னும் கூப்பிடுவேன்."

கொப்பியை மூடினேன். ராமிரோவுக்குத் தமிழ் தெரியாது, ஆனால் எந்தப் பக்கம் என்று தெரிந்திருந்தது. என் தோளைத் தொட்டு, உப்பளக் கழகத்தின் அந்தச் செயலாளர் தன் அப்பா என்று பிரெஞ்சில் சொன்னார்.

"கொடி கொண்டந்தனீங்களோ?" என்று அக்கா கேட்டார்.

"ஓம் அக்கா. காருக்குள்ளை கிடக்கு."

"பிறகென்ன பாத்துக்கொண்டு நிக்கிறியள்? கொண்டு வந்து பெட்டிக்கு மேலை போடுங்கோ."

போட்டேன். ஒரு பக்கம் கோணலாக விழுந்தது. செவ்ரான் பிள்ளைகளில் ஒருத்தி வந்து அதை நேராக்கினாள். கொடி அவரோடு நெருப்புக்குள் போனது.

மறுநாள் பிறிபெக்தூருக்குப் போனேன். கழகத்தைச் செவ்ரான் அணியிடம் ஒப்படைக்கும் கடிதத்தோடு, நிர்வாகப் பட்டியலில் குலசிங்கம் அண்ணையின் பெயரை முதலாவதாக எழுதிக் கொடுத்தேன். மீதிப் பெயர்களைச் சேர்க்கலாம், இறந்தவரைச் சேர்க்க முடியாது என்றார் அலுவலர். அவரை எடுக்க ஒரு தாள் போதுமாக இருந்தது. திரும்பச் சேர்க்க அவர்களிடம் தாளே இல்லை.

ஆகவே இந்த அஞ்சலியின் அடியில் கழகத்தின் பெயரைப் போடவில்லை. போடும் உரிமை எனக்கு ஒருநாளும் இருந்ததில்லை. அண்ணை, உங்கள் ஏழு கொப்பிகளும் அக்காவின் சம்மதத்தோடு என் மேசையில் இருக்கின்றன. அடுத்த பொதுக்கூட்டத்துக்குச் செவ்ரான் பிள்ளைகள் என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். இந்த முறை வருவேன். தேநீர் வேளையில் எழுந்து நின்று, முதற்கொப்பியின் முதற்பக்கத்திலிருந்து வாசிப்பேன். போய் வாருங்கள், அண்ணை. வடை ஆறட்டும்.