மெத்தைக்கு மேலே இரண்டு அங்குலம்

ஒரு சனிக்கிழமை, காலை பதினொன்று இருபது. ஐப்பசித் தூறல் விட்டுவிட்டுப் பெய்துகொண்டிருந்தது. மழை நாளில் மெத்தை பார்க்க வருகிறவர்கள் பொழுதுபோக்க வருவதில்லை, முதுகு பொறுக்காமல்தான் வருகிறார்கள். இரண்டாயிரத்துக்குப் பிந்திய அந்த ஆண்டுகளில், தாம்பரம் ஜி.எஸ்.டி. சாலையில் ஒரு மெத்தைக் கடையில் விற்பனை பார்த்தபோது நான் கற்ற முதல் பாடம் அது. இரவெல்லாம் புரண்டுவிட்டு இதைப் படிக்கிறவர்களுக்கு மேலும் விளக்க வேண்டியதில்லை.

உள்ளங்கைச் சோதனை

வந்தவர்கள் சேலையூர்த் தம்பதி. கணவர் சுந்தரேசன், தேங்காய் வாங்குகிறவரைப் போல ஒவ்வொரு மெத்தையையும் விரல் முட்டியால் தட்டிப் பார்த்து, இருப்பதிலேயே கெட்டியான தென்னைநார் மெத்தையைத் தேர்ந்தெடுத்தார். மனைவி விமலா, பள்ளி ஆசிரியை. உள்ளங்கையால் ஒரே ஒருமுறை அழுத்திவிட்டுத் தலையசைத்தார்.

பெண்களாகிய நாம் மெத்தையை இப்படித்தான் வாங்குகிறோம். முதுகு படுக்கப்போவதை உள்ளங்கை தீர்மானித்துவிடுகிறது. "பத்து நிமிடம் படுத்துப் பாருங்கள்" என்று கேட்டுக்கொண்டேன். விமலா கடைக் கண்ணாடிக்கு வெளியே பார்த்தார்.

"எதிர்ல பஸ் ஸ்டாப், மேடம். நிக்கிறதுல நாலு பேர் என் டென்த் பசங்க. நான் இங்க படுத்துக்கிட்டேன்னா, திங்கக்கிழமை கிளாஸ்ல யார் எழுந்து நிப்பாங்க?"

ஹால் சோபா

மூன்று வாரம் கழித்து விமலா டீச்சர் தனியாக வந்தார். அந்த மெத்தையில் தோளும் இடுப்பும் மரத்துப்போகின்றனவாம். பத்து நாளாக ஹால் சோபாவில் காலை மடக்கிப் படுக்கிறார். மாடியில் குடியிருக்கும் ஓரகத்தி, காலையில் பேப்பர் எடுக்க இறங்கும்போதெல்லாம் அதைப் பார்த்துவிட்டுப் போகிறார். இருபத்திரண்டு வருடத்தில் ஒரே வீட்டில் இருந்துகொண்டு தனித்துப் படுப்பது இதுவே முதல் முறை. தம் அறைக்குத் திரும்ப வேண்டும், ஆனால் கணவர் மெத்தையை மாற்றச் சம்மதிக்க மாட்டார் என்றார்.

அதற்குள் நான் கடையில் ஒரு மடக்குத் தட்டி வாங்கி வைத்திருந்தேன். அதன் மறைவில், அதே ரக மெத்தையில் அவரைப் படுக்கச் சொல்லி, இடுப்புக்கு அடியில் கையை நுழைத்தேன். கை தாராளமாகப் போனால் மெத்தை அதிகக் கெட்டி. நுழையவே மறுத்தால் அதிக மென்மை. என் கை வளையலோடு போய்வந்தது. ஒருவர் அகலத்துக்கு இரண்டு அங்குல நுரைமெத்தையை மேலே விரித்தேன், டாப்பர் என்பார்கள். இப்போது கை சற்று இறுக்கமாக, சரியாக நுழைந்தது. கணவரின் பாதி கெட்டியாகவே இருக்கலாம் என்றேன். பத்து நிமிடம் கழிந்தும் அவர் எழுந்திருக்கவில்லை. படுத்தபடியே சொன்னார்:

"சண்டைன்னா ஓரகத்திகிட்ட ஒத்துக்கிட்டுப் போயிடலாம், மேடம். மெத்தை கெட்டின்னு சொன்னா யார் நம்புறா?"

அவர் பக்கம் சரிவு

டாப்பரை வாங்கிப் போன டீச்சர், அடுத்த சனிக்கிழமை தொலைபேசியில் அழைத்தார். கெட்டி குறையவில்லை, போதாக்குறைக்குப் படுத்தால் கணவர் பக்கமே உருண்டு போகிறாராம், மறுபடியும் சோபாதான். டாப்பருக்கு அப்படி ஒரு குணம் கிடையாது. மாலையில், டெலிவரி பார்க்கும் குமாரை அழைத்துக்கொண்டு ஷேர் ஆட்டோவில் சேலையூர் போனேன்.

கட்டிலைப் பார்த்ததும் புரிந்தது. டீச்சர் பக்கம் உயர்ந்து, சுந்தரேசன் பக்கம் தாழ்ந்திருந்தது. குமார் மெத்தையின் ஓரத்தைத் தூக்கினார். டாப்பர், பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கப்படாமல், அடியில் இருந்தது.

"மேல போட்டா அழுக்காயிடும்ல, மேடம்? எங்க இருந்தாலும் மெத்துமெத்துன்னுதானே இருக்கணும்?" என்றார் சுந்தரேசன், சிறிதும் அசராமல்.

குமார் என் பக்கம் குனிந்து சொன்னார்: "மெத்தைக்கு மெத்தை போட்டுகீறாரு அக்கா. அது சொகமா தூங்கிகினு கீது. டீச்சர்தான் சோபாவுல கீறாங்க."

ஞாயிறு, ஒன்பதரை மணி

உறையைப் பிரித்து, டாப்பரை மேலே விரித்து, நான்கு மூலையிலும் எலாஸ்டிக் பட்டையை மாட்டினோம். அழுக்குக்குப் பயந்தவருக்காகத் துவைக்கக்கூடிய துணியுறையும் போட்டோம். நடுவில் விழுந்த இரண்டு அங்குலப் படியைச் சுந்தரேசன் பலமுறை தடவிப் பார்த்தார்.

மறுநாள் கடை திறந்ததும் அவரே அழைத்தார். குரல் ரகசியம் போல இருந்தது.

"மேடம், தினம் அஞ்சு மணிக்கு எழுந்திருக்கிறவ. இப்ப மணி ஒன்பதரை. கூப்பிட்டா அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துக்கிறா. மெத்தையில ஏதாவது கோளாறா?"

அன்று காலை அவரே காபி கலந்து, இன்னொரு டம்ளரை மூடி வைத்துக் காத்திருந்தாராம். ஓரகத்தி இறங்கி வந்து, வெறும் சோபாவைப் பார்த்துவிட்டு, பேப்பரை எடுக்க மறந்து மாடியேறினாராம். குமார் இரண்டு மெத்தைகளோடு வண்டலூருக்குப் புறப்பட்டுவிட்டார். ஊரார் முதுகையெல்லாம் அளந்த நானோ, வீட்டுப் பழைய பஞ்சுமெத்தையில் பிடித்துக்கொண்ட கழுத்தைத் திருப்ப முடியாமல், ரிசீவரை மறு காதுக்கு மாற்றவும் இயலாமல், "எழுப்பாதீர்கள் சார்" என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.