பஸ்ஸில் காட்டிய முழங்கால்

நான் குளியலறையில் வழுக்கி விழவில்லை. முழங்காலை மாற்றவும் இல்லை. படியில் கால் பிரண்டு முழங்காலில் லிகமென்ட் என்கிற நார் அறுந்தது. டொக்டர் சிறிய துளைகள் வழியாகக் கமரா விட்டுச் சரிசெய்தார். வெள்ளவத்தையில் என்னைப்பற்றிக் கதைப்பவர்கள் சரியாகக் கதைக்கவும்.

ஆறு மாதத்துக்குப் பிறகு இன்றுதான் தனியாகப் பஸ் ஏறினேன், கொட்டாஞ்சேனைத் தேவாலயத்துக்கு.

பக்கத்தில் இருந்த பெண்ணின் முழங்காலில் இறுக்கிக் கட்டிய பட்டி. கதை கொடுத்தேன். புறக்கோட்டைப் புடவைக்கடையில் நாள் முழுக்க நிற்கிறவள். அவளுக்கும் திங்கட்கிழமை அதே ஒப்பரேஷன்.

"நான் போகமாட்டன் அன்ரி. முழங்காலை நீட்டுக்கு வெட்டித் திறப்பினமாம்."

"ஆர் சொன்னது?"

"மச்சாள்."

"மச்சாள் டொக்டரோ?"

சிரித்தாள், ஆனால் நம்பவில்லை.

கணுக்காலுக்கு மேல் சேலை உயரக்கூடாது என்று கன்னியாஸ்திரிகளிடம் படித்தவள் நான். ஓடும் பஸ்ஸில் முழங்கால் தெரிய உயர்த்தி, அந்தத் துளைகளின் சின்னத் தழும்புகளைக் காட்டினேன்.

குனிந்து பார்த்தாள். "இவ்வளவுதானோ? அப்ப போறன் அன்ரி."

தேவாலயத்தில் முழந்தாளிட முடிந்தது. டொக்டருக்காக நன்றி சொன்னேன். அவளுக்காக மன்றாடினேன். பெயரைத்தான் கேட்க மறந்துவிட்டேன். இறங்குமுன் என் முகநூல் பெயரை மட்டும் அவள் குறித்துக்கொண்டாள்.

நான் சேலையை உயர்த்தியதைப் பார்த்துக்கொண்டிருந்த கண்டக்டர் என்ன நினைத்தாரோ, அது அவர் பாடு.

பஸ்ஸில் கண்ட மகள், ஒப்பரேஷன் முடிந்ததும் எப்படி இருக்கிறீர் என்று இங்கே இரண்டு வரி எழுதும்.