ரூல்புக் மச்சான்

புது ஆட்டத்தின் பெட்டியைத் திறந்ததும் முதலில் உள்ளே மூக்கை நுழைத்து முகர்ந்து பார்க்கிறார். ஈர வாடை அடித்தால் முகம் சுளிக்கிறது. பிறகு சீட்டுகளை அள்ளி ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, மறுபக்கம் தெரிகிறதா என்று ஒவ்வொன்றாகத் திருப்புகிறார். பகடையை உப்புத் தண்ணீரில் மிதக்கவிட்டு, திரும்பத் திரும்ப ஒரே எண்தான் மேலே வருகிறதா என்று டம்ளர் முன்னால் குனிந்து உட்கார்ந்துவிடுகிறார். விதிப் புத்தகம் கடைசியில்தான். அதையும் பின்னாலிருந்து படிப்பார். "முதல் பக்கத்துல எல்லாரும் யோக்கியன்தான். வில்லங்கமெல்லாம் கடைசிப் பக்கத்துலதான் ஒளிஞ்சிருக்கும்" என்பார்.

ரூல்புக் என்பது சக ஆட்டக்காரர்கள் வைத்த பெயர். வயிற்றுப்பிழைப்புக்கு அவர் லிஃப்ட் இன்ஸ்பெக்டர். கட்டடம் கட்டடமாகப் போய், மற்றவர்கள் கண்ணாடியில் தலைவாரிக்கொள்ளும் பெட்டிக்குள் கண்ணை மூடி நின்று, கம்பி முனகுவதைக் கேட்பவர். "நல்லாத்தானே சார் ஓடுது?" என்று காவலாளி கேட்டால் பதில் தயாராக இருக்கும்: "ஓடுறதெல்லாம் நல்லா இருக்குன்னு யார் சொன்னா?"

அந்தக் கண்ணோடுதான் போர்டு கேம்களையும் பார்க்கிறார். புதிதாக வரும் ஒவ்வொரு ஆட்டத்தையும் அலுக்காமல் ஆடிப்பார்த்து, இணையத்தில் விமர்சனம் எழுதுகிறார். முதலில் ஆடுகிறவனுக்குச் சாதகம் உண்டா, பின்தங்கியவன் எழுந்துவர வழி இருக்கிறதா, ஒருத்தன் யோசிக்கும்போது மற்றவர்கள் கொட்டாவி விடுகிறார்களா என்று பிரித்து மேய்ந்துவிடுவார். "இதுல என்னமோ இருக்கு" என்று அவர் சொன்னால் அது பாராட்டு அல்ல. மனைவி வந்தவர்களிடம் சொல்லிச் சிரிப்பாள்: "பொண்ணு பார்க்க வந்தப்போ என்னையும் இப்படித்தான் பார்த்தாரு. இன்னும் விமர்சனம் எழுதி முடிக்கலை."

ஞாயிற்றுக்கிழமை பகலில் அவர் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் நாலு பேர் கூடுவார்கள். அவர், மனைவி, தங்கை, தங்கையின் கணவன். இந்த மாப்பிள்ளை பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். கலகலப்பான மனுஷன். தோற்றாலும் சிரிப்பார், ஜெயித்தாலும் சிரிப்பார். அந்தச் சிரிப்பே ரூல்புக்குக்கு ஆரம்பத்திலிருந்து கொஞ்சம் உறுத்தல். "எப்பப் பார்த்தாலும் சிரிக்கிறவன் எதையோ மறைக்கிறான்" என்று மனைவியிடம் சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறார்.

சில மாதங்களாக உறுத்தல் பெரிதாகிவிட்டது. மாப்பிள்ளை புது ஆட்டம் எதற்கும் பிடிகொடுப்பதில்லை. "அந்தத் துறைமுக ஆட்டத்தையே எடுங்க மச்சான். மத்ததெல்லாம் மண்டை காயுது" என்பார். நாலு நிறச் சீட்டுகளைச் சேர்த்து, பலகையில் கப்பல்களைத் துறைமுகத்துக்குக் கொண்டுபோகும் எளிய ஆட்டம் அது. அதில் மாப்பிள்ளை விடாமல் ஜெயித்துவந்தார். ஜன்னலோர நாற்காலி தவிர வேறெதிலும் உட்காரமாட்டார். சீட்டை எடுத்ததும் பார்ப்பதற்கு முன்னால் அதன் மூலையைக் கட்டைவிரலால் ஒரு தடவு தடவுவார். எதிராளி ஏதாவது இறக்கினால், "என்ன போட்டே? வாயைத் திறந்து சொல்லு" என்று தங்கையை அதட்டுவார்.

ரூல்புக்குக்கு மூக்கில் வேர்த்தது. மறுநாள் வேலையிலிருந்து வந்ததும் சட்டையைக்கூட மாற்றாமல் சீட்டுக்கட்டை மேஜையில் பரப்பினார். விரலால் ஒவ்வொரு மூலையாக வருடிக்கொண்டே போனார். நீலச் சீட்டுகளில் மட்டும், எல்லா நீலச் சீட்டுகளிலும், நகத்தால் அழுத்திய சின்னப் பள்ளம்.

"பார்த்தியா, பார்த்தியா! சீட்டுல குறி வச்சிருக்கான் திருட்டுப் பய!"

மனைவி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "பந்தயமா கட்டுறீங்க? ஜெயிச்சா அவருக்கு என்ன கிடைக்கப்போகுது?"

"அதான் எனக்கும் புரியலை. ஒண்ணும் கிடைக்காத இடத்துலயே ஏமாத்துறான்னா, மத்த இடத்துல என்னெல்லாம் பண்ணுவான்? என் தங்கச்சி அவனோடதானே குடும்பம் நடத்துறா?"

அன்றிலிருந்து அவர் மனசில் மாப்பிள்ளையைப் பற்றி எதுவும் நேராக இல்லை. போன வாரம் அவர் அலைபேசியை எடுத்துக்கொண்டு வெளியே போய்ப் பேசியது, தங்கை கேட்டும் சினிமாவுக்குக் கூட்டிப்போகாதது, மாலையில் எங்கே போனாலும் சீக்கிரம் கிளம்பிவிடுவது, எல்லாம் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டன. கையும் களவுமாகப் பிடித்துவிட முடிவு செய்தார். அந்த ஆட்டத்தில் அவரிடம் பிரிக்காத இன்னொரு பெட்டி இருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் புதுக் கட்டைப் பழைய பெட்டிக்குள் வைத்து மூடினார்.

ஆட்டம் தொடங்கியது. மாப்பிள்ளை முதல் சீட்டை எடுத்தார். கட்டைவிரல் மூலைக்குப் போனது. தடவியது. மறுபடி தடவியது. சிரிப்பு அப்படியே நின்றுபோனது.

ரூல்புக் உள்ளுக்குள் துள்ளினார். மாட்டிக்கிட்டியா?

மாப்பிள்ளை ஒவ்வொரு சீட்டாக எடுத்துத் தடவினார். பிறகு ஒரு சீட்டை ஜன்னல் பக்கம் சாய்த்துப் பார்த்தார். நெற்றி வியர்த்திருந்தது. கடைசியில் மூன்று சீட்டுகளை மேஜையில் வைத்து, "மூணு நீலம். என் கப்பல் உள்ளே போகுது" என்றார்.

அதில் இரண்டு பச்சை.

தங்கை கைகொட்டிச் சிரித்தாள். "என்னங்க, பட்டப்பகல்லயே கள்ள ஆட்டமா?"

ரூல்புக் சிரிக்கவில்லை. சீட்டில் குறி வைக்கிறவன் அடுத்தவன் சீட்டைத் தெரிந்துகொள்ளத்தான் வைப்பான். குறி போனால் எதிராளி கையில் இருப்பது தெரியாமல் திண்டாடுவான். இவனுக்குத் தன் கையில் இருப்பதே தெரியவில்லையே? ஆட்டத்தில் எங்கோ கணக்கு இடிக்கும்போது வரும் அரிப்பு அவருக்கு வந்துவிட்டது. தன்னுடைய கப்பலை எடுத்தார். விதியில் இல்லாத ஆட்டமாக, சத்தமில்லாமல் பலகையின் இடது ஓரத்தில், மாப்பிள்ளையின் துறைமுகத்துக்குள்ளேயே கொண்டுபோய் நிறுத்தினார். மனைவி வாயைத் திறக்கப் போனாள். கண்ணாலேயே அடக்கினார்.

மாப்பிள்ளை பலகையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த சீட்டை எடுக்கக் கை நீட்டினார். இடது முழங்கை பட்டு டீ டம்ளர் உருண்டு, பலகை நனைந்தது.

"அடடா, மன்னிச்சுக்குங்க மச்சான், பார்க்கலை."

பலகையில் ஒரு விரல்ரேகை பட்டாலே வீட்டை இரண்டாக்குகிற ரூல்புக், டீ வழிவதைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். நாளைக் காலையில் அந்த வேனில் பிள்ளைகள் ஏறுவார்கள்.

பெண்கள் துணி எடுக்க உள்ளே போனதும் மாப்பிள்ளையின் தோளைப் பிடித்து பால்கனிக்கு இழுத்துப்போனார்.

"எவ்வளவு நாளா?"

"என்ன மச்சான்?"

"நடிக்காத மாப்ள. கண்ணு எவ்வளவு நாளா தெரியலை?"

மாப்பிள்ளை கம்பியைப் பிடித்துக்கொண்டார். "நேரா நல்லாத் தெரியுது. ஓரத்துலதான் கொஞ்சம் மங்கல். நீலமும் பச்சையும் ஒண்ணாத் தெரியுது, அவ்வளவுதான். கண்ணாடி மாத்தினா சரியாயிடும்."

"டாக்டர்கிட்ட காட்டினியா?"

"காட்டினா வண்டி ஓட்டாதேம்பாங்க. எனக்கு வேற என்ன தெரியும் சொல்லுங்க? மெதுவாத்தான் ஓட்டுறேன். ரோடு எனக்கு மனப்பாடம். சத்தியமா இதுவரைக்கும் ஒண்ணும் ஆகலை."

"ஆகலைங்கிறதால ஆகாதுன்னு அர்த்தமா?" ரூல்புக்கின் குரல் உடைந்துவிட்டது. "நான் என்ன நினைச்சேன் தெரியுமா? உன்னைத் திருடன்னு நினைச்சேன். திருடனா இருந்திருந்தாத் தேவலைடா."

"அவகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க."

"நான் சொல்லலை. நீயே சொல்லுவே. நாளைக்கு வண்டிய எடுக்கமாட்டேன்னு இப்பவே என் எதிர்ல முதலாளிக்கு போன் போடு."

மாப்பிள்ளை அலைபேசியை எடுத்தார். அவர் பேசி முடிக்கும்வரை ரூல்புக் பக்கத்திலேயே நின்றார். பிறகு அலைபேசியை வாங்கி, நிஜமாகவே முதலாளிக்குத்தான் பேசினாரா என்று எண்ணைச் சரிபார்த்தார்.

மறுநாள் கண் ஆஸ்பத்திரிக்கு அவரே கூட்டிப்போனார். அங்கும் குணம் போகவில்லை. சோதிக்கும் இயந்திரத்துக்குக் கடைசியாக எப்போது பராமரிப்பு செய்தார்கள் என்று நர்ஸிடம் விசாரித்தார். டாக்டர் அம்மா முடிவைச் சொன்னபோது, "இன்னொரு தடவை பார்த்திடலாமே" என்றார். அவரும் பொறுமையாக இன்னொரு தடவை பார்த்தார். அதே முடிவுதான். கண் அழுத்த நோய். போன பார்வை திரும்பாது. சொட்டு மருந்தை ஒழுங்காகப் போட்டால் இருப்பதைக் காப்பாற்றலாம். வண்டி மட்டும் கூடாது.

ரூல்புக் அந்த முடிவில் ஓட்டை தேடினார். எதுவும் அகப்படவில்லை.

வெளியே வந்ததும் மாப்பிள்ளை தானாகவே மனைவியைக் கூப்பிட்டார். "ஒரு விஷயம் சொல்லணும். பயப்படாதே. மச்சான் கூடத்தான் இருக்கேன்" என்று ஆரம்பித்தார். அலைபேசியைக் காதில் வைத்தபடியே நடந்தார். சாலையைக் கடக்க வேண்டிய இடம் வந்தது. ஒருவழிச் சாலை. வண்டிகள் இடப்பக்கமிருந்து வந்துகொண்டிருந்தன.

வலப்பக்கம் நடந்துவந்த ரூல்புக் பின்னால் சுற்றிப்போய், மாப்பிள்ளைக்கு இடப்பக்கமாக வந்து நின்று, அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டார்.