மூணாம் பெட்

ஒருவரை நம்பர் சொல்லிக் கூப்பிட்டால் எனக்கு இன்றும் கோபம் வரும். சில வருடங்களுக்கு முன் திருவொற்றியூரில் ஒரு மருந்துக்கடையில் வேலை பார்த்தேன். பக்கத்து முதியோர் இல்லத்துக்கு வாராவாரம் மாத்திரைகளைப் பிரித்து, கவரில் பெட் நம்பர் எழுதிக் கொண்டுபோவேன். ஒருமுறை கட்டில்களை இடம் மாற்றியதில் குழப்பமாகிவிட, பெயரையும் எழுதச் சொன்னார் நர்ஸ்.

மூணாம் பெட்டில் இருந்தவர் காசிமேட்டில் மீன் விற்றவர். கவரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இதுல இன்னாம்மா எழுதிக்கீது?”

“உங்க பேருதான் ஆயா. கன்னியம்மா.”

“இன்னொரு தபா சொல்லு.”

சொன்னேன்.

“இங்க இட்டாந்து வுட்டதுலேர்ந்து ஒருத்தரும் அப்டி கூப்டல” என்று சிரித்தார்.

அதன்பிறகு ஒவ்வொரு வாரமும் கவரை நான் படித்துக் காட்டினால்தான் கையில் வாங்குவார்.

ஒரு மழைநாளில் மருந்தோடு போனேன். அவர் உடலை வாசலில் கிடத்தியிருந்தார்கள். சொந்தம் என்று யாரும் வரவில்லை. அமரர் ஊர்திக்காரர்கள் அடையாளத்துக்குக் கால் விரலில் கட்டியிருந்த சீட்டில் ‘பெட் 3’ என்று மட்டும் இருந்தது.

அதை அவிழ்த்தேன். நர்ஸ் தடுக்கவில்லை. என் பையிலிருந்த அவருடைய கவரை எடுத்து, மாத்திரைகளைக் கொட்டிவிட்டு, அதே நூலில் கட்டினேன்.

கட்டுவதற்கு முன், வழக்கம்போல ஒருமுறை படித்துக் காட்டினேன்.