கால்மாட்டில் ஒரு கல்

வேப்பனப்பள்ளியிலிருந்து பார்த்தபோது சின்னதாகத் தெரிந்த மலை, ஏற ஏற வளர்ந்துகொண்டே போகிறது. என் தொப்பையைச் சுமக்கத் தனியாக ஓர் ஆள் அமர்த்தாதது என் பிழை. உச்சிக்குச் சற்றுக் கீழே, வழியோரம் ஒரு கற்குவியல். எனக்காகவே போட்ட நாற்காலி என்று நினைத்து, அதில் உட்கார்ந்து கட்டுச்சோற்றைப் பிரிக்கிறேன்.

ஆடு மேய்க்கும் பெண் ஒருத்தி ஓடி வருகிறாள்.

"எந்திரிங்க சாமி! எங்கூட்டுக்காரரு மேல குந்தியிருக்கீங்க."

துள்ளி எழுகிறேன். போன மாதம் இங்கே பாம்பு கடித்து இறந்தாராம். கீழே தூக்கிப்போக ஆளில்லாமல் இங்கேயே புதைத்திருக்கிறார்கள். பாறை நிலம், குழி ஆழமில்லை.

"கழுதப்புலி வந்து தோண்டுது சாமி. வழியில போறவங்க ஆளுக்கொரு கல்லு போடணும், அதான் எங்க மொறை. இந்த மலைக்கு யாரு வராங்க? முக்காவாசி நானே போட்டது."

குவியல் என் முழங்கால் உயரம்கூட இல்லை.

என்னைவிடக் கனமான கல் கிடைக்காது என்று வாய்வரை வந்த வேடிக்கையை விழுங்கிக்கொண்டு சரிவில் இறங்குகிறேன். இரண்டு கைக்கும் அடங்காத கல் ஒன்றை மூச்சிரைக்கத் தூக்கி வந்து, எங்கே வைப்பதென்று தெரியாமல் நிற்கிறேன்.

"கால்மாட்டுல வைங்க" என்கிறாள். "நேத்து கழுதப்புலி அங்கதான் பறிச்சிருக்கு."