லீகையே மாத்திப்போட்டாங்கள், அப்பா

இந்த வாரம் மஸ்கட்டில், எங்கள் ரூவி அலுவலகத்தில் ஓர் அமெரிக்கர் துக்கம் அனுஷ்டித்தார்.

யாரும் சாகவில்லை. அவர் நாட்டு பேஸ்பால் லீகுகளைப் புதிதாகப் பிரித்து அடுக்கிவிட்டார்கள் – அவ்வளவுதான். ஓய்வு பெறும் வயதில் இருக்கும் என்ஜினீயர் அவர். காலையில் வந்ததும், தன் சோகத்தைக் கேட்க ஆள் தேடி மேசை மேசையாகப் போனார். பாகிஸ்தானி டிராஃப்ட்ஸ்மேன் "அச்சா, அச்சா" என்று தலையாட்டிவிட்டுத் தன் வேலையைப் பார்த்தார். மற்றவர்களிடம் அந்த அச்சாவும் இல்லை.

நான் மட்டும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். முதலிலிருந்து சொல்லுங்கள் என்றேன்.

ஒரு பேஸ்பால் மேட்ச் கூடப் பார்த்திராத எனக்கு இது எதற்கு?

என் மகனுக்காக.

நிமலனுக்குப் பத்தொன்பது வயது. டொராண்டோவில் தாய்மாமன் வீட்டில் இருக்கிறான். அனுப்பியது நான்தான். நான் லீவில் கொழும்பு போயிருந்தபோது, நாங்கள் தங்கியிருந்த லாட்ஜுக்குப் போலீஸார் ஜீப்பில் வந்து அவனைப் பிடித்துக்கொண்டு போனார்கள். சில நாட்களில் விட்டுவிட்டார்கள். உள்ளே என்ன நடந்தது என்று அவன் சொல்லவில்லை. கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. இன்றைக்கும் மஸ்கட் வீதியில் ஒரு ஜீப் சட்டென்று பிரேக் போட்டால், திரும்பிப் பக்கத்தில் நிமலனைத் தேடுகிறேன்.

வெள்ளிக்கிழமை மாலைகளில் டெலிபோன் பூத்துக்குப் போவேன். அங்கே அப்போதுதான் விடிந்திருக்கும். சாப்பிட்டியோ? ஓம். குளிரோ? ஓம். சிநேகிதர்கள் இருக்கினமோ? ம்... அதற்குப் பிறகு மௌனம். டெலிபோன் கார்டு போட்டுக் கேட்கிற மௌனம்.

ஒருநாள் மைத்துனர் ரிசீவரை வாங்கி, "பொடியனுக்கு இப்ப பேஸ்பால் பைத்தியம், அத்தான்" என்றார். பிடித்துக்கொண்டேன். அலுவலகத்தில் கிடந்த பழைய அமெரிக்கப் பத்திரிகை ஒன்றைத் தேடி எடுத்து, பரீட்சைக்குப் படிக்கிற மாதிரிப் படித்தேன். இரண்டு லீக்; டொராண்டோ டீமும் அதில் ஒன்றில்தான். ஒவ்வொன்றிலும் இரண்டு டிவிஷன். டிவிஷனில் முதலாவதாக வந்தால்தான் பிளே-ஆஃப் என்கிற கடைசிச் சுற்றுகள். இரண்டாவதாக வந்தால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

அடுத்த வெள்ளி, உங்கட ஊர் டீம் முதலாவதா வராட்டி கதை முடிஞ்சுதுதானே என்று பெரிய விஷயம் தெரிந்தவன் போலக் கேட்டேன்.

"இல்லையப்பா, அது பழைய கதை. இப்ப லீகையே மாத்திப்போட்டாங்கள், அப்பா."

என் பத்திரிகை போன வருடத்தது!

பிறகு அவன் நிறுத்தவே இல்லை. ஒவ்வொரு லீகிலும் இப்போது மூன்று டிவிஷனாம். மூன்று முதலாவதுகளோடு, இரண்டாவதாக வந்தவற்றில் சிறந்த ஒன்றும் பிளே-ஆஃபுக்குப் போகலாமாம். பேச்சு அப்படியே வேறெங்கோ போனது. பள்ளிக்கூடத்தில் ஒரு டிரினிடாட் பையனும் ஒரு போலந்துப் பையனும் இவனுக்குக் கூட்டாளிகள். மூவரும் மைதானத்தின் உச்சி வரிசையில்தான் இருப்பார்களாம். மாமாவின் கோட்டைப் போட்டும் குளிர் விடவில்லையாம். கடுகுச் சாந்து பூசின ஹாட் டாக் இரண்டு சாப்பிட்டானாம்.

சாப்பாடு, குளிர், சிநேகிதர்கள் – இவ்வளவு காலமும் நான் கேட்டதற்கெல்லாம் பதில் வந்துவிட்டது. பிள்ளைகளிடம் அவர்களைப் பற்றிக் கேட்டால் பதில் கிடைப்பதில்லை. வேறு எதையாவது கேட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும் போலிருக்கிறது.

இனிமேல் பிழை விடக்கூடாது என்று நினைத்தேன். அதற்காகத்தான் அமெரிக்கருக்கு முன்னால் போய் உட்கார்ந்தேன். அவருடைய துக்கமெல்லாம் அந்த இரண்டாவது இடம்தான். தோற்றவனுக்கு எதற்கு இன்னொரு கதவு, பந்தயம் என்றால் பந்தயமாக இருக்க வேண்டாமா என்று பொருமினார். ஒரு காகிதத்தில் கட்டம் கட்டமாகப் போட்டுக் காட்டினார். நான் அதைப் பார்த்து வேறொரு கணக்குப் போட்டேன். எங்கள் குடும்பமும் மூன்று டிவிஷன்தான்: மனைவியும் மகளும் கொழும்பில், நான் மஸ்கட்டில், அவன் டொராண்டோவில். எங்களுடைய பிளே-ஆஃப் எப்போது என்று எந்தப் பத்திரிகையிலும் போடவில்லை.

வெள்ளிக்கிழமை எல்லாம் தெரிந்துகொண்டு போனேன். அவன் ஹலோ சொல்லி முடிக்குமுன் மூன்று டிவிஷன், நாலு டீம், முதல் சுற்றில் யாரோடு யார் என்று மளமளவென்று ஒப்பித்தேன். ஒரு பிழை இல்லை.

"ஓம் அப்பா. சரி" என்றான்.

அவ்வளவுதான். அவனுக்குச் சொல்ல நான் ஒன்றையும் மிச்சம் வைக்கவில்லையே... அவன் மாமி யாரையோ கூப்பிடுவது தூரத்தில் கேட்டது. அவன் ரிசீவரை வைக்கப்போகிறான் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

"தம்பி, எல்லாம் பாடமாக்கிப்போட்டன். ஆனா அந்த ரெண்டாவதா வாற டீம் என்னெண்டு உள்ளுக்கு வருது? அது மட்டும் விளங்கேல்லை."

அவன் ரிசீவரை வைக்கவில்லை. பிறகு சிரித்தான். அவன் சிரித்துக் கேட்டு எவ்வளவு காலம்!

"போன முறை சொன்னனானெல்லோ? சரி, திருப்பிச் சொல்லுறன். வடிவாக் கேளுங்கோ."

கேட்டேன். கார்டு தீரும்வரை எனக்கு விளங்கவே இல்லை.