ஷரத்து சார் வீட்டு ஒப்பந்தம்

ஷரத்து சாருக்குத் தன் மனைவி மேல் பொறாமை. இதைச் சுற்றி வளைத்துச் சொல்வதில் பிரயோசனம் இல்லை. பக்கத்து வீட்டுக்காரன் கார் வாங்கினால் பொறாமைப்படலாம், கூட வேலை பார்ப்பவனுக்குச் சம்பளம் உயர்ந்தால் படலாம். அதையெல்லாம் வீட்டுக்கு வந்து மனைவியிடம் கொட்டித் தீர்த்துவிட்டால் பாதி எரிச்சல் அடங்கிவிடும். மனைவி மேலேயே வந்த பொறாமையை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது?

பேருந்து நிலையத்துக்குப் பின்னால், ஜெராக்ஸ் கடைக்கு மேலே இருக்கும் டுடோரியலில் அவர் வணிகச் சட்டம் நடத்துகிறார். யார் என்ன சந்தேகம் கேட்டாலும் "முதல்ல ஷரத்தைப் படி" என்பார். மாணவர்கள் வைத்த பெயர் ஒட்டிக்கொண்டு, இப்போது அலுவலகத்தில் கால அட்டவணையிலேயே 'ஷரத்து சார்' என்றுதான் எழுதுகிறார்கள். அதில் அவருக்கு வருத்தம் கிடையாது, உள்ளூரப் பெருமைதான்.

அவருடைய முதல் பாடம் பிரசித்தம். வகுப்புக்குள் நுழைந்ததும் ஒரு தாளை மேசை மேல் அடிப்பார். "இது என்ன? ஒப்பந்தமா? இல்லை! கையெழுத்து விழுகிற வரைக்கும் இது வெறும் காகிதம். அவனுக்கு வேணும்கிறதை அவன் எழுதியிருக்கான். உனக்கு வேணும்கிறதை நீ எழுது!" என்பார். பின்வரிசையில் தூங்குகிறவன்கூட நிமிர்ந்து உட்காருவான். இதற்காக ஒவ்வொரு புது வகுப்புக்கும் முந்தின நாள் மாலை பீரோக் கண்ணாடி முன்னால் நின்று ஒத்திகை பார்ப்பார். அந்த நேரம் பார்த்து முன்னறையில் மனைவியின் தையல் மெஷின் சத்தம் நின்றுபோகும். பாபினில் நூல் தீர்ந்திருக்கும் என்று நினைத்துக்கொள்வார்.

அந்த அம்மாளுக்குப் புதுத் துணி தைப்பதில் ஆசை கிடையாது. ஆல்டரேஷன்தான் வேலை. இடுப்பு பிடிக்கிற கால்சட்டை, தோள் தொங்குகிற சட்டை, அக்காவிடமிருந்து தங்கைக்கு வந்த பாவாடை என்று முன்னறை முழுக்கத் துணி கிடக்கும். வெள்ளிக்கிழமை மத்தியானம் தெருப் பெண்கள் சிலர் வந்து உட்கார்ந்து கற்றுக்கொள்வார்கள்; அவர்களுக்கு அவள் டீச்சர். கற்றுக்கொள்வதைவிடப் பேச்சும் சிரிப்பும்தான் அதிகம் என்பது சாரின் கட்சி. அவர்களில் ஒருத்தி, இறுகிப்போன ஒரு கோட்டுச் சட்டையை டீச்சர் பிரித்து விடுகிற அழகைக் கைபேசியில் படம் பிடித்து இணையத்தில் விட்டாள். ஊர் உலகமெல்லாம் பார்த்தது. பார்த்தவர்களில் ஒரு பதிப்பகமும் இருந்தது. பாடப் புத்தகம் போட்டுக்கொண்டிருந்து, இப்போது ஆன்லைன் வகுப்புகளில் இறங்கியிருக்கும் பெரிய பதிப்பகம். ஆல்டரேஷனை ஒரு முழு வகுப்பாக நடத்தித் தர முடியுமா என்று கேட்டார்கள்.

சாருக்கு வயிறு எரிந்ததற்குக் காரணம் இருந்தது. இதே பதிப்பகத்துக்குத்தான் அவர் ஒரு வருடத்துக்கு முன்னால் எழுதியிருந்தார். 'சாமானியருக்கு ஒப்பந்தச் சட்டம்' என்று தலைப்பிட்டு, பாடத்திட்டம் போட்டு, மாதிரிப் பாடம் ஒன்றை இஸ்திரி போட்ட சட்டையில் நின்று பேசிப் பதிவு செய்து அனுப்பினார். வேண்டாம் என்றுகூடப் பதில் வரவில்லை. இத்தனை வருடம் தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்தினவரை விட்டுவிட்டு, வாயில் குண்டூசியைக் கவ்விக்கொண்டு பேசுகிறவளைக் கூப்பிடுகிறார்கள் என்றால் எரியாமல் என்ன செய்யும்? போதாததற்கு மருந்துக் கடைக்காரர் ஒரு நாள் அவரைப் பார்த்து, "டீச்சர் வீட்டுக்காரர்தானே நீங்க?" என்று கேட்டுவிட்டார். அன்றைக்கு வாங்கப் போன தலைவலி மாத்திரையோடு இன்னொரு பட்டையும் சேர்த்து வாங்கிக்கொண்டு வந்தார்.

ஒப்பந்த நகல் வந்த அன்று மனைவி அதை அச்செடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

"நீங்க படிச்சுச் சொல்லுங்க. நீங்க பார்த்துட்டா எனக்குக் கவலையே இல்லை."

"வை, பார்க்கலாம்" என்றார், ஏதோ பெரிய மனது பண்ணுகிற மாதிரி.

அந்த ஞாயிற்றுக்கிழமை மாதிரி அவர் எந்த ஒப்பந்தத்தையும் படித்ததில்லை. சிவப்புப் பேனாவோடு சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தவர் மத்தியானச் சாப்பாட்டுக்குக்கூடத் தாளை நகர்த்தவில்லை. மனைவிக்கு ஆபத்து வரக்கூடாது என்ற அக்கறையில் படித்தார் என்றால் அது பொய். இதில் ஏதாவது கோளாறு இருக்க வேண்டும், இந்தக் காரியம் நடக்கக்கூடாது என்று வேண்டிக்கொண்டே படித்தார். கோளாறு கிடைத்தது. ஒன்றா, இரண்டா? பாடத்தின் மேல் உள்ள உரிமை முழுவதும் காலத்துக்கும் பதிப்பகத்துக்கே சொந்தமாம். இனிமேல் கண்டுபிடிக்கப் போகிற வடிவங்களுக்கும் சேர்த்து. கண்டுபிடிக்காததையே எழுதி வாங்கப் பார்க்கிறான்! நிகர வருவாயில் பங்கு என்று இருந்தது. எதை எதைக் கழித்தால் நிகரம் என்று எங்கேயும் இல்லை. பிறகு பாடத்தைப் புதுப்பிக்க வேண்டுமென்றால் அவளைக் கேட்காமலே வேறு ஒருவரை நிற்க வைத்து நடத்திக்கொள்ளலாம். ஒவ்வொன்றாகக் கண்ணில் படப்பட சாருக்கு வாயெல்லாம் பல். ஓரத்தில் என்ன தவறு, எப்படி இருந்திருக்க வேண்டும் என்று முத்து முத்தாக எழுதிக்கொண்டே போனார். பழக்க தோஷம். விடைத்தாள் திருத்தி வளர்ந்த கை, தப்பைச் சுழித்துவிட்டுச் சரியானதை எழுதாமல் நகராது.

சாயங்காலம் முன்னறைக்குப் போனார். மனைவி ஒரு பள்ளிக்கூடப் பாவாடையின் ஓரத்தை மடித்துக்கொண்டிருந்தாள். எதிரே உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் படித்துக் காட்டினார். குரலில் துக்கம் விசாரிக்க வந்தவரின் தோரணை. அவள் எதற்கும் அசரவில்லை. ஒரே ஒரு இடத்தில்தான் ஊசி நின்றது.

"'ஒப்பந்தக் காலத்தில் ஆசிரியர் இதே பொருளில் வேறு எவருக்கும் எந்த வடிவிலும் பயிற்சி அளிக்கக் கூடாது.'"

"அப்படின்னா?"

"அப்படின்னா உன் வெள்ளிக்கிழமை கிளாஸ் கிடையாது."

"நம்ம வீட்டுக்குள்ள உக்காந்து நாலு பேருக்குச் சொல்லித்தர்றது கூடவா?"

"எந்த வடிவிலும்னு போட்டிருக்கான். வீட்டுக்குள்ளன்னா விட்டுடுவானா?"

அவள் முகம் தொங்கிப்போய்விட்டது. அந்த வெள்ளிக்கிழமை மத்தியானம்தான் அவளுக்கு வாரம். அது போய்விட்டால் எத்தனை ஆயிரம் பேர் பார்த்தாலும் அவளுக்கு ஒன்றுமில்லை. சாருக்கு அது தெரியும். அதனால்தான் அந்த ஷரத்தைக் கடைசிக்கு வைத்திருந்தார்.

"இதுல நாம ஒண்ணும் பண்ண முடியாதாங்க?" என்று கேட்டாள்.

ஊரான் வீட்டுப் பிள்ளைகளுக்கெல்லாம் மேசையை அடித்து அடித்துச் சொன்ன பதில் அவர் தொண்டை வரைக்கும் வந்தது. வந்ததை விழுங்கினார். "பெரிய கம்பெனிம்மா. அவங்க எழுதினா எழுதினதுதான்" என்றார்.

மனைவி அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு பல்லால் நூலைக் கடித்து அறுத்தாள். "சரி. நீங்க சிவப்புல எழுதின தாளை இங்கயே வச்சிட்டுப் போங்க" என்றாள்.

அடுத்த சில நாள் சார் மனைவியிடம் அப்படி ஓர் அன்பாக இருந்தார். கேட்காமலே மெஷினுக்கு எண்ணெய் போட்டார். வகுப்பிலிருந்து வரும்போது ஆப்பிள் வாங்கி வந்தார். ஜெயித்தவனுக்குத் தாராளம் தானாக வரும். ஆனால் ஆப்பிளை நறுக்கி அவள் அவருக்குப் பாதி வைத்தபோது மட்டும், பசியில்லை என்று தட்டை அவள் பக்கமே தள்ளிவிட்டார்.

வியாழக்கிழமை வகுப்பு முடிந்து வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது உள்ளே மனைவி போனில் பேசிக்கொண்டிருந்தாள். கை வேலையாக இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டிருந்தாள். மடியில் அவருடைய சிவப்பு மைத் தாள்கள்.

"இல்லம்மா, நீங்க அனுப்புனது உங்களுக்கு வேணும்கிறது. எனக்கு வேணும்கிறதை ஓரத்துல எழுதியிருக்கு. அந்தக் கிளாஸ் ஷரத்து அப்படியே இருந்தா நான் கையெழுத்துப் போடமாட்டேன்."

மறுமுனையில் பதிப்பகத்துப் பெண் சிரித்தாள். "மேடம், இந்தப் படிவத்தை எத்தனையோ பேருக்கு அனுப்பியிருக்கோம். எல்லாரும் சந்தோஷமா கையெழுத்துப் போட்டு அனுப்பிடுவாங்க. இப்படி வரி வரியா யாரும் கேட்டதே இல்லை. வக்கீல் யாரையாவது பார்த்தீங்களா?"

"எங்க வீட்டுக்காரர்தான் படிச்சாரு. சட்டம் சொல்லித்தர்றாரு."

"அப்படியா? இப்படி ஒருத்தர் இருக்காருன்னு எங்களுக்குத் தெரியவே தெரியாதே!"

ஷரத்து சார் ஒரு காலில் செருப்போடு வாசலிலேயே நின்றார். தெரியவே தெரியாதாம். இஸ்திரி போட்ட சட்டையில் நின்று பேசி அனுப்பினானே, அவன் யாராம்? உள்ளே போய் அந்தப் போனைப் பிடுங்கி நாக்கைப் பிடுங்குகிற மாதிரி நாலு கேள்வி கேட்கலாம் என்று வந்தது. கழற்றின செருப்பை மறுபடியும் மாட்டிக்கொண்டு தெருமுனை வரைக்கும் நடந்துவிட்டு வந்தார்.

திருத்திய ஒப்பந்தம் தபாலில் வந்தது, இரண்டு பிரதி. உரிமை ஐந்து வருடத்துக்கு மட்டும். நிகரம் என்றால் என்ன என்று தனியாக ஒரு பத்தி. வேறு ஒருவரை வைத்துப் பாடத்தைப் புதுப்பிக்க வேண்டுமென்றால் அவள் சம்மதம் வேண்டும். தலைப்பு வைக்கும் உரிமையை மட்டும் பதிப்பகம் விட்டுக்கொடுக்கவில்லை. சார் அதையும் சிவப்புப் பேனாவோடு படித்தார். சுழிக்க ஓர் இடமும் கிடைக்கவில்லை. பயிற்சி பற்றிய ஷரத்துக்கு வந்ததும் நின்றார். 'நேரில் அமர்ந்து நடத்தும் வகுப்புகளுக்கு இத்தடை பொருந்தாது' என்று புதிதாக ஒரு வரி சேர்ந்திருந்தது. அவர் ஓரத்தில் எழுதிய வரி. ஓர் எழுத்துகூட மாறவில்லை. அந்தப் பதிப்பகம் அச்சிட்ட அவருடைய முதல் வாக்கியம் மனைவியின் ஒப்பந்தத்தில் இருந்தது. அந்த வரியின் மேலேயே அவருக்குப் பொறாமை வந்தது.

மனைவி கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்து, இரண்டு பிரதியிலும் கையெழுத்துப் போட்டாள். பிறகு பேனாவை அவர் பக்கம் நீட்டினாள்.

"சாட்சிக் கையெழுத்து ஒண்ணு வேணுமாம். நீங்க போடுங்க."

அவர் பேனாவை வாங்கினார். அவள் தாளை விடவில்லை.

"அதுக்கு முன்னாடி ஒண்ணு கேக்கணும். 'கையெழுத்து விழுகிற வரைக்கும் வெறும் காகிதம், உனக்கு வேணும்கிறதை நீ எழுது.' புது வகுப்பு தொடங்குறப்பல்லாம் கண்ணாடி முன்னாடி நின்னு சொல்வீங்க. மெஷினை நிறுத்திட்டுக் கேட்டுக் கேட்டு எனக்கே மனப்பாடம் ஆயிடுச்சு. ஊர்ல இருக்கறவங்களுக்கெல்லாம் நடத்துற முதல் பாடத்தை எனக்கு மட்டும் ஏன் நடத்தலை?"

பாபினில் நூல் தீர்ந்ததே இல்லை என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது. ஏதாவது சமாளிக்கலாமா என்று பார்த்தார்.

"பொறாமை" என்றார்.

"அது தெரியும். மருந்துக் கடைக்குப் போயிட்டு வந்த அன்னைக்கே தெரியும்." அவள் குரல் உயரவில்லை. "நான் கேட்டப்போ சொல்லிடுவீங்கன்னு நினைச்சேன். உங்க மூஞ்சியையே பார்த்துக்கிட்டு இருந்தேன். நீங்க சொல்லலை."

திட்டியிருந்தால் திருப்பிப் பேசியிருப்பார். அழுதிருந்தால் சமாதானம் சொல்லியிருப்பார். இதற்கு என்ன செய்வது என்று அவர் எங்கேயும் படித்ததில்லை. அவள் தாளை விட்டாள். சாட்சி என்ற இடத்தில் அவர் கையெழுத்துப் போட்டார். பக்கத்தில் 'ஒப்பந்ததாரருக்கு உறவு' என்று ஒரு கட்டம் இருந்தது. கணவர் என்று எழுதினார். மருந்துக் கடைக்காரர் அன்றைக்கே சரியாகத்தான் கேட்டிருந்தார்.

பொறாமை போய்விட்டதா என்று கேட்டால், எங்கே போகும்? வகுப்பு வெளியாகி, அவளுக்குப் படம் பிடிக்கப் புது விளக்கும் கேமரா முக்காலியும் வந்து, முன்னறைக்குள் கால் வைக்கும்போதெல்லாம் அவருக்கு உள்ளே புகைந்துகொண்டுதான் இருந்தது. வெள்ளிக்கிழமைக் கூட்டத்தின் சிரிப்பு முன்பைவிடச் சத்தமாகக் கேட்டது.

டுடோரியலில் புது வகுப்பு தொடங்குவதற்கு முந்தின நாள் மாலை வந்தது. ஷரத்து சார் கண்ணாடி முன்னால் போய் நின்றார். தாளை எடுத்து பீரோவில் அடித்தார். "இது என்ன? ஒப்பந்தமா?" என்று ஆரம்பித்தார். முன்னறையில் மெஷின் நின்றது. அவரும் நிறுத்தினார். மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொள்ளலாமா என்று ஒரு நிமிடம் யோசித்தார். பிறகு கண்ணாடியை விட்டுத் திரும்பி, முன்னறை வாசலுக்குப் போய் நின்று, முதல் பாடத்தை முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தார்.